கட்டைவிரல்

சூரியன் விழ இருபது நிமிடம் இருக்கும்போது
ஒரே ஒரு படம்.
மேற்கே பார்த்து, சிமெண்டுத் தூணில் கேமராவை வைத்து.
அழகு வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்
அந்தோஃபகஸ்தாவிலிருந்து ஜீப்பில் வந்த பிரிசில்டா.
மேகத்தின் அடிவயிறு எந்த உயரத்தில் நிற்கிறது,
அது தெரிந்தால் போதும்.
வெளிச்சம் பட்டால் விளிம்பு வெளுத்துவிடும்.
அதனால் கையை நீட்டிக்
கட்டைவிரலால் சூரியனை மறைத்துக்கொள்.

மறைத்தேன்.
நான்கு வருடம்.
கூலி, மாதம் இரண்டு எரிவாயு உருளைக்குக் காணும்.

எங்கள் கரையில் மழை என்பது
பள்ளிப் புத்தகத்தில் வருகிற சொல்.
மேகத்தைக் கறந்தால்தான் தண்ணீர்.
முகட்டில் கட்டிய வலைகளில்
கமஞ்சாக்கா வந்து மோதும்,
ராத்திரி முழுக்கச் சொட்டும்.
கடலில் ஒரு வலை, காற்றில் ஒரு வலை.
இரண்டும் ஏமாற்றும் நாட்கள் உண்டு.

ஒளியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை, சொல்கிறேன்.
மார்ச்சில் சில மாலைகளில்
மேகத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சந்து விழும்.
சூரியன் அதில் குனிந்து எட்டிப் பார்க்கும்.
மேகத்தின் கீழ்ப்பக்கம் முழுக்க
அப்போதுதான் பிளந்த கடல் முள்ளெலியின் உள்மஞ்சள்.
படத்தில் அது வந்ததே இல்லை.
வந்தது என் விரல்,
ஓரம் சிவந்து, நகக்கண்ணில் மீன் அழுக்கோடு.
ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் சூரியன்கள்
அதன் பின்னால்.

ஆகஸ்டில் எலியுதேரியோ திரும்பவில்லை.
காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு
சிப்பி பெயர்க்க இறங்குகிறவன்.
அன்று தனியாகப் போயிருந்தான்.
படகு மட்டும் கிடைத்தது.
எண்ணெய் தீரும்வரை கம்பிரசர்
யாருக்கோ காற்று அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒன்பதாம் நாள் செபம் முடிந்து
சுனில்டா என் வாசலில்.
அன்றைக்கு எடுத்தாயா?
மேகம்தான் எடுத்தேன்.
காட்டு.

சுகாதார நிலையத்துக் கணினியில் பெரிதாக்கினோம்.
அடிமட்டம் முன்னூற்றுத் தொண்ணூறு மீட்டர் என்றேன்
வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.
அவள் மேகத்தைப் பார்க்கவே இல்லை.
நான்கு வருடமாக நான் பார்க்காத
கீழ்ப்பாதியைப் பார்த்தாள், தண்ணீரை.
இதோ.

ஒரு காற்புள்ளி.
லென்ஸில் தூசி என்று நான் துடைத்திருக்கக்கூடியது.

அவன்தான். அணியம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கு, பார்.
வீட்டுக்கு வருகிறான்.

எனக்கு அணியமும் தெரியவில்லை, பக்கமும் தெரியவில்லை.
ஆமாம் என்றேன்.

நகரத்தில் அச்சடித்து வந்து
குளிர்பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறாள்.
ஒரு முழம் மேகம், ஒரு கட்டைவிரல், ஒரு காற்புள்ளி.
வருகிறவர்களுக்கெல்லாம் தொட்டுத் தொட்டுக் காட்டியதில்
புள்ளியைச் சுற்றிக் காகிதம் மங்கிப்போய்
அங்கே ஒரு சிறு மேகம் உண்டாகிவிட்டது,
கடல்மட்டத்தில், எந்த அட்டவணையிலும் சேராமல்.

அவனுக்கும் என் விரலுக்கும்
அரை நகம் இடைவெளி.

அன்றிரவு பழைய படங்களைத் திறந்து உட்கார்ந்தேன்.
விரலைத் தாண்டிப் பாதி தெரியும் படகுகள்.
விரலுக்குள் நுழைந்து வெளிவராத அலைத்தடம் ஒன்று.
முழுசாக மறைத்தவற்றை
எப்படித் தேடுவது?

இப்போது கம்பி நுனியில் ஒரு பாட்டில் மூடி.
சின்னது. சுற்றிலும் வெளிச்சம் கசிகிறது.
விளிம்பு வெளுக்கிறதே என்று பிரிசில்டா எழுதுகிறாள்.
வெளுக்கட்டும்.
பொத்தானை அழுத்துமுன் தண்ணீரை ஒரு தடவை எண்ணுகிறேன்.

நேற்று: அடிமட்டம் நானூற்றுப் பத்து.
படகு ஏழு.
தாளில் அதற்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதிவைத்தேன்.